குக்கர் வாங்கிய தங்கைக்கு

அன்புள்ள அக்கா,

11 வருடம் கணவரிடம் அடியும் வசவும் பட்டபின் மகளைக் கூட்டிக்கொண்டு சேலத்திலிருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜவுளிக்கடையில் வேலை. முதல் சம்பளத்தில் ஒரு குக்கர் வாங்கினேன். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, ‘அவர் கணக்குக் கேட்டால் என்ன சொல்வது’ என்று கை நடுங்கிவிட்டது. நகையும் சான்றிதழ்களும் அங்கேதான் இருக்கின்றன. போய்க் கேட்கப் பயம். “கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம்” என்கிறார் அம்மா. நான் செய்தது சரியா?

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

சரிதான். 11 வருடம் அனுசரித்தவளிடம் இன்னும் கொஞ்சம் என்று கேட்பது நியாயமே இல்லை. அம்மாவுக்கு ஊர் வாயை நினைத்துப் பயம். அந்தப் பயத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

கை நடுங்கியதை நினைத்து வெட்கப்படாதீர்கள். என் சித்தி ஒருவர் அரிசிப் பானைக்குள் காசை ஒளித்தே பழகியவர். தனியாக வந்து, பூட்ட ஒரு பீரோ வாங்கிய பிறகும் இரண்டு வருடம் காசு பானைக்குள்தான் கிடந்தது. உடம்பு மெதுவாகத்தான் நம்பும்.

நகைக்காகத் தனியாக அந்த வீட்டுப் படி ஏறாதீர்கள். பிறந்த வீட்டில் உங்களுக்குப் போட்ட நகை உங்களுடையது. சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அதைத் திருப்பிக் கொடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஜீவனாம்சமும், அவர் உங்களை நெருங்கக் கூடாது என்ற உத்தரவும் அதே மனுவில் கேட்கலாம். விவாகரத்து வழக்கு போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சேலத்துக்கு அலையவும் வேண்டாம், இப்போது இருக்கும் ஊரிலேயே மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் பெண்கள் உதவி எண்ணான 181க்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம், சம்பளம் உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் விழட்டும். பழைய ஜாயின்ட் அக்கவுன்ட் எதிலும் வேண்டாம்.

குக்கரில் மகளுக்கு முதலில் என்ன சமைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா