டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் இருக்கும் கேன்களில் என்ன இருக்கிறது? அந்தத் திரவம் பாதுகாப்பானதா?

அம்மாவுக்கு இப்போதுதான் டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேன்களில் இருப்பது அடர்கரைசல். ஒன்று அமிலக் கரைசல், மற்றொன்று பைகார்பனேட். இரண்டையும் அப்படியே சேர்த்து வைத்தால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அதனால் சிகிச்சை நடக்கும்போதுதான் மெஷின் அவற்றை ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயலைசருக்கு அனுப்புகிறது.

டயலைசருக்குள் மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் இந்தத் திரவம். ரத்தத்தில் சேரும் கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் திரவத்தில் இல்லை என்பதால் ரத்தத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிடும். பொட்டாசியத்தை மட்டும் திரவத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 2 அல்லது 3 மில்லிமோல் விட்டுவைப்போம். ரத்தத்தில் அது மளமளவென்று இறங்கினால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். பைகார்பனேட் எதிர்த்திசையில் ரத்தத்துக்குள் போய், சேர்ந்துபோன அமிலத்தைச் சரிக்கட்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கேனைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ரத்தத்தின் பக்கத்திலேயே ஓடுகிறது. குடிக்கிற தண்ணீர் குடலைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகும். இங்கே தடுப்பு அந்தச் சவ்வு மட்டும்தான். குழாய்த் தண்ணீரில் கிருமி போகச் சேர்க்கும் குளோரின், குளோரமைன் குடிப்பவரை ஒன்றும் செய்யாது; டயாலிசிஸ் தண்ணீரில் மிஞ்சினால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்காத தண்ணீரில் இருந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு டயாலிசிஸ் வழியாக உடலுக்குள் போய் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பதறும்.

அதனால் தயங்காமல் கேளுங்கள்: ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் குளோரின் டெஸ்ட் செய்கிறார்களா? மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிருமி, எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது? முறையாக நடத்துகிற இடத்தில் பதிவேட்டையே எடுத்துக் காட்டுவார்கள்.

சிகிச்சையின் நடுவில் அம்மாவுக்குக் குளிர் நடுக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, குழாயில் ரத்தத்தின் நிறம் மாறித் தெரிந்தாலோ, முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.