சகுராகியின் குரல் – வாசகர் கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு நாற்பத்தொரு வயது. பொறியியல் படித்த காலத்தில் விடுதி நண்பன் ஒருவன் வைத்திருந்த சிடிக்களில்தான் ‘ஸ்லாம் டங்க்’ என்ற ஜப்பானியக் கூடைப்பந்து அனிமேஷன் தொடரைப் பார்த்தேன். 101 அத்தியாயங்களையும் மூன்று வாரத்தில் முடித்தோம். நாயகன் சகுராகியின் பள்ளியான ஷோஹோகுவின் அணி தேசியப் போட்டிக்குக் கிளம்பும் இடத்தில் தொடர் நின்றுவிட்டது. மீதிக் கதை மூலமான மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், இருக்கிறது என்று தெரிந்து தேடிப் படித்தேன். தேசியப் போட்டியில் சன்னோ அணியுடன் ஆடும் அந்த ஆட்டத்தை ஒருநாள் திரையில் பார்த்துவிட வேண்டும் என்பது இருபது வருட ஆசை.

அந்த ஆட்டத்தைக் காட்டும் ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ படம் இங்கே வந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பள்ளி கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். படம் முடிந்து குதித்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. சகுராகி வாயைத் திறந்தால் வேறு யாரோ பேசுகிறார். நாயகனே சகுராகி இல்லை, அதே அணியின் மியாகி. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் எல்லாம் கதை மியாகி சிறுவயதில் வளர்ந்த ஒகினாவாவுக்குப் போய்விடுகிறது. பழைய பாட்டு ஒன்றுகூட இல்லை. நண்பர்களிடம் சொன்னால், “வந்ததே பெரிது, அதிலும் குறை கண்டுபிடிப்பாயா” என்கிறார்கள். இத்தனை வருடம் காத்திருந்தது வந்த பிறகும் சந்தோஷப்பட முடியாதது என் தப்பா?

இன்னொன்று. மகள் இப்போது பழைய தொடரைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவளுக்கு அது பழசாகத் தெரிந்துவிடுமோ என்று தள்ளிப்போட்டு வருகிறேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் தப்பு எதுவும் இல்லை. நீங்கள் தனி ஆளும் இல்லை. படம் ஜப்பானில் வெளியாவதற்கு முன்பே, குரல் மாறியதைப் பற்றி உங்களைவிடக் கோபமாக வருத்தப்பட்டவர்கள் ஏராளம். அவர்களும் உங்களைப் போல இந்தத் தொடரோடு வளர்ந்தவர்கள்தான்.

அந்தத் தொடர் நின்ற விதத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். தோயேய் அனிமேஷன் தயாரித்து, 1993 அக்டோபரிலிருந்து 1996 மார்ச் வரை டிவி அசாஹியில் ஓடிய தொடர் அது. தொடர் முடிந்த மார்ச் மாதத்தில், ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் மங்காவின் ஆசிரியர் தகெஹிகோ இனோவே சன்னோ ஆட்டத்தை இன்னும் வரைந்துகொண்டிருந்தார். மங்கா முடிந்தது அந்த ஜூனில். அதாவது, கதையின் உச்சம் தாளில் வந்துகொண்டிருந்த நேரத்தில் டிவியில் ஆட்டம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு 26 ஆண்டுகள் அந்த ஆட்டம் அசையும் படமாக வரவே இல்லை.

இடையில் இனோவே இந்தப் பிள்ளைகளை மறந்துவிடவும் இல்லை. 2004 டிசம்பரில், கனகாவா மாநிலத்தில் மூடப்பட்டுக் கிடந்த ஒரு உயர்நிலைப் பள்ளியில், வகுப்பறைகளின் 23 கரும்பலகைகளில் சாக்பீஸால் ஒரு சின்னத் தொடர்ச்சி வரைந்தார். கதை முடிந்து பத்து நாள் கழித்து ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அது. மங்கா பத்து கோடிப் பிரதிகள் விற்றதற்கு நன்றியாகச் செய்தது. அந்தப் பலகைகளின் படங்களைப் பார்த்த ரசிகர்களுக்கு, அடுத்து படம் வந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு கூடியிருக்கும்! அதற்கும் மேலே 18 வருடம் ஆனது.

இந்த 26 ஆண்டுகளில் நாம் சும்மா இருக்கவில்லை என்பதுதான் விஷயம். சன்னோ ஆட்டத்தின் கடைசிப் பக்கங்களில் கிட்டத்தட்ட வசனமே கிடையாது. படம்தான். ஓட்டம், மூச்சு, பந்து எல்லாவற்றுக்கும் படிக்கிறவனே சத்தம் போட்டுக்கொள்ள வேண்டும். தொடரைப் பார்த்துவிட்டு மங்காவுக்கு வந்தவர்கள் எந்தச் சத்தத்தைப் போட்டிருப்போம்? காதில் ஏற்கெனவே இருந்ததைத்தான். சகுராகிக்கு குசாவோ தகேஷியின் குரல், சகுராகியின் அணித்தோழனும் போட்டியாளனுமான ருகாவாவுக்கு மிதோரிகாவா ஹிகாருவின் குரல். நீங்கள் காத்திருந்த படம் உங்கள் தலைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் எல்லாம் சரியாக இருந்தது. திரையில் வந்தது இன்னொன்று. மகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவள் தலைக்குள் எந்தப் படமும் ஓடவில்லை.

சரி, குரல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் பெரும்பாலும் உங்கள் பக்கம். ஒரு குரல் நடிகர் இரண்டரை வருடம் வாரம் தவறாமல் ஒரு பையனாகக் கத்தி, சிரித்து, தோற்று, அழுதிருக்கிறார் என்றால் அந்தப் பாத்திரத்தில் பாதி அவர்தான். சகுராகி தன்னைத்தானே ‘மேதை’ என்று சொல்லிக்கொள்ளும்போது குசாவோவின் குரலில் ஒரு வெகுளித்தனம் இருக்கும். அது இல்லாவிட்டால் சகுராகி வெறும் தலைக்கனம் பிடித்தவனாகத்தான் தெரிவான். புதியவர் கிமுரா சுபாரு நன்றாகவே பேசியிருக்கிறார். கனமான, மண்ணில் கால் ஊன்றிய குரல். ஆனாலும் அவர் வேறு ஒரு சகுராகி.

அதைவிட வலித்தது சொன்ன விதம். படம் 2022 டிசம்பர் 3 அன்று வெளியீடு. புதிய குரல்கள் யார் என்பதை நவம்பர் 4 அன்று, ஒரு நேரலை நிகழ்ச்சியில்தான் அறிவித்தார்கள். முன்பதிவு டிக்கெட்டுகள் அதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டன. பழைய குரல்களைக் கேட்கத்தான் போகிறோம் என்று நம்பி வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கதை என்ன, எந்த ஆட்டம், எதையுமே வெளியீடு வரை சொல்லவில்லை. கதையை மறைத்து வைத்ததை நான் மதிக்கிறேன், திரையரங்கில் அதன் பலன் தெரிந்தது. குரலை மறைத்தது அப்படி இல்லை. அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த நவம்பர் 21 அன்று யனாதா கியோயுகி காலமானார். தொடரில் கேப்டன் அகாகியின் குரல் அவர்தான். படம் வர 12 நாள்தான் இருந்தது. பழைய குழுவே பேசியிருந்தால் என்ற எண்ணம் பலருக்கும் அந்த வாரத்தில் இன்னும் கனமாகியிருக்கும்.

ஆனால் மியாகி விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

இனோவே இந்தப் படத்துக்கு வெறும் மூலக்கதை ஆசிரியர் அல்ல. திரைக்கதையும் இயக்கமும் அவரே, அதுவும் முதல் முறையாக. தோயேய் தரப்பு பல வருடம் சோதனைப் படங்களை எடுத்துக் காட்டி, அவர் மறுத்து, மறுபடி காட்டி, கடைசியில்தான் சம்மதித்தார். ஏற்கெனவே வரைந்து முடித்த ஒன்றை, அசைவு மட்டும் சேர்த்து அப்படியே திருப்பித் தர அவர் வந்திருந்தால், அந்த வேலைக்கு அவர் எதற்கு? ஷோஹோகுவின் ஐந்து பேரில் மங்காவில் வீட்டுக் கதை சொல்லப்படாமலே இருந்தவர்களில் ஒருவன் மியாகி ரியோட்டா. 168 சென்டிமீட்டர் உயரம். கூடைப்பந்தில் அந்த உயரத்தோடு எதிரணி நெருக்கிச் சூழ்ந்து தடுக்கும் பிரஸ்ஸை உடைத்துக்கொண்டு போக வேண்டியவன். இனோவேக்கு அவன் மேல் பழைய கடன் ஒன்று இருந்தது. 1998இல், மங்கா முடிந்து இரண்டு வருடத்தில், ‘பியர்ஸ்’ என்று ஒரு சிறுகதை வரைந்தார். கடலோர ஊர், கடலில் அண்ணனை இழந்த ஒரு பையன், அவனோடு பேசும் ஒரு பெண். பையனின் பெயர் ரியோட்டா. படத்தில் நீங்கள் பார்த்த ஒகினாவாவின் விதை அங்கே இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்துவதற்காகச் செருகிய கதை இல்லை அது. அவர் மனதில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது.

ஆட்டத்துக்கு முந்தின இரவில் மியாகி அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்காரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். உயிரோடு இருப்பது அண்ணன் இல்லை, நான்தான், மன்னித்துவிடுங்கள் என்ற பொருளில் முதலில் ஒரு வரி எழுதுகிறான். அதை அப்படியே கசக்கிவிட்டு வேறு ஒன்று எழுதுகிறான். அவ்வளவுதான். அடுத்த நாள் அவன் கையில் இரண்டு ரிஸ்ட்பேண்ட் இருக்கும், ஒன்று அண்ணனுடையது. அதற்குப் பிறகு இரண்டு சன்னோ ஆட்டக்காரர்களுக்கு நடுவே அவன் குனிந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது, அந்த ஓட்டத்தை நான் மங்காவில் பார்த்தது போல் பார்க்கவில்லை. பல முறை படித்த காட்சிதான். ஆனால் அப்போதுதான் முதல் முறையாக அவன் தாண்டிவிட வேண்டுமே என்று பதறினேன். முடிவு தெரிந்த ஆட்டத்தில் இப்படி ஒரு பதற்றத்தைக் கொண்டுவர வேறு எந்த வழியும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பழைய பாட்டுகள் எனக்கும் பிடிக்கும். இந்தப் படத்தில் அவை இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பென்சில் கோட்டில் மியாகி உருவாகி நடக்க, ஒவ்வொருவராகச் சேர்ந்து, கடைசியில் சகுராகி வந்து ஐந்து பேரும் முன்னால் நடந்து வரும் அந்தத் தொடக்கத்துக்கு அந்த பேஸ் கிட்டார்தான் பொருத்தம். கூடைப்பந்தை விட்டு விலகியிருந்த மிட்சுய் கண்ணீரோடு கோச் முன் மண்டியிட்டுக் கூடைப்பந்து ஆட வேண்டும் என்று சொல்லும் இடம் இல்லாததுதான் எனக்கு உண்மையான இழப்பு. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அவன் யார் என்பதே முழுதாகப் புரியாது.

அப்புறம், ஆட்டத்தின் வேகம். தொடரில் ஒருவன் கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் நான்கு பேர் மனதுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். அந்த நீளமும் எனக்குப் பிரியமானதுதான். படத்தில் உண்மையான ஆட்டக்காரர்களை ஆடவிட்டு, அவர்கள் அசைவைப் பதிவுசெய்து, அதன்மேல் வரைந்திருக்கிறார்கள். பாஸ் வருவதற்கு முன்பே ஒருவன் இடத்தை விட்டு நகர்ந்திருப்பான், பந்து இல்லாதவர்களும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். உங்கள் மகள் குதித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆடுகிறவளுக்கு அது உடனே தெரிந்திருக்கும்.

இனி அந்தக் கடைசி வினாடிகள். 78–77, சன்னோ ஒரு புள்ளி முன்னே. ருகாவா பந்தோடு உள்ளே போகிறான். அந்த இடத்தில் படம் சத்தத்தை எடுத்துவிடுகிறது. ஷூ கீச்சிடுவது இல்லை, இசை இல்லை, கூட்டம் இல்லை. நான் பார்த்த அரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்ன் பொட்டலத்துக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை. ஓரத்தில் சகுராகி காத்திருக்கிறான். அவனுக்குப் பாஸ் கொடுக்க மனமே வராத ருகாவா, அவனுக்குப் பந்தைத் தருகிறான். சகுராகி ஏதோ சொல்கிறான். உதடு அசைகிறது. குரல் இல்லை.

என்ன சொல்கிறான் என்று நமக்குத் தெரியும். ‘இடது கை சும்மா தாங்கத்தான்’. அடிப்படைப் பயிற்சியில் கற்ற பாடம், மங்காவில் இருபதாயிரம் முறை பந்தை எறிந்து பழகியபோது சொல்லிக்கொண்டது. கதை முழுவதற்கும் இதைவிட முக்கியமான வசனம் கிடையாது. அதை இனோவே எந்தக் குரல் நடிகருக்கும் கொடுக்கவில்லை. மங்காவின் அந்தக் கடைசிப் பக்கங்களின் அமைதியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருப்பார். எனக்கு அந்த இடத்தில் குசாவோதான் கேட்டார், இரண்டு முறை பார்த்தபோதும். உங்களுக்கும் கேட்டிருக்கும், கோபத்தில் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். இன்னொரு முறை பார்க்கும்போது அந்த இடத்துக்காகக் காத்திருங்கள்.

தொடரை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். தள்ளிப்போட வேண்டாம். தொடக்க அத்தியாயங்களில் சண்டையும் கேலியும் அதிகம், ஆட்டம் குறைவு. அவளுக்குப் பொறுமை போகலாம், விட்டுப் பிடியுங்கள். சகுராகி ஜிம்மின் ஒரு மூலையில் தனியாகப் பந்தைத் தட்டித் தட்டிப் பழகி வெறுத்துப்போகும் இடம் வந்துவிட்டால், பள்ளி அணியில் ஆடும் பெண்ணுக்கு அதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையில்லை. குசாவோவின் குரல் அவளுக்கு முதலில் அந்நியமாக இருக்கும், கிமுராவின் குரல் உங்களுக்கு இருந்தது போலவே. அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.