புது ரோலர் ஸ்கேட் சக்கரம் ஏன் வழுக்குகிறது? அதை எப்படிப் பழக்குவது?

சக்கரத்தைப் பழக்குவது என்றால் அதன் மேலுள்ள பளபளப்பைத் தேய்த்து எடுப்பது, அவ்வளவுதான். பாலியூரித்தேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) சக்கரங்கள் வார்ப்பு அச்சில் (மோல்டில்) வார்க்கப்படுபவை. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவும் பூச்சின் மிச்சமும், வழவழப்பான மேற்பரப்பும் தரையைப் பிடிக்க விடாது. புதுச் செருப்பு முதல் சில நாள் வழுக்குமே, அதே கதைதான். (சில சக்கரங்கள் மேற்பரப்பைக் கடைந்தே விற்பனைக்கு வரும்; அவற்றுக்கு இந்த வேலை அதிகம் இல்லை.)

சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். சக்கரத்தின் நடுவே அதைச் சுழல வைக்கும் பேரிங் நனையக் கூடாது. பிறகு சற்றே சொரசொரப்பான, மண் இல்லாத சிமெண்ட் தரையில் ஓரிரு மணி நேரம் நிதானமாக ஓட்டுங்கள். வளைவில் அதிகம் சாய வேண்டாம். பளபளப்பு மங்கினால் தயார்.

பலர் கோட்டை விடுவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டில். முழுக்க இறுக்கிவிட்டு, சக்கரம் தாராளமாகச் சுழன்று பக்கவாட்டில் மயிரிழை ஆடும் வரை தளர்த்த வேண்டும். கால் சுற்று போதும். இறுக்கமாகவே விட்டால் பேரிங் சீக்கிரம் கெடும்.

காலைப் பக்கவாட்டில் உந்துவதால் உள் விளிம்பு முதலில் தேயும். தேய்மானம் கண்ணில் பட்டதும் உள்பக்கச் சக்கரங்களை வெளிப்பக்கத்துக்கு, முன்னதைப் பின்னுக்கு எனக் குறுக்காக மாற்றுங்கள்.

புதிதில் வழுக்குவதால் ‘ரொம்பக் கடினமான சக்கரம் வாங்கிவிட்டோம்’ என்று நினைப்பது தவறு. கடினத்தைச் சொல்வது 78ஏ, 95ஏ போன்ற எண்தான், எண் கூடினால் கடினமும் கூடும்.