மே சோட் போகும் காரில் ஏறாதீர்கள், தம்பி

தம்பி, இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாங்காக் வந்து மூன்று நாள் ஆகிறது, பிராத்துநாமில் ஒரு லாட்ஜில் இருக்கிறீர்கள். ஏஜென்ட் ஒருவன் டைப்பிங் டெஸ்ட் வைத்துப் பிடித்துக்கொடுத்த டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாய், சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி பொறுப்பு. விமான டிக்கெட்டும் அவர்களே போட்டார்கள். ஆபீஸ் ‘ஊருக்குக் கொஞ்சம் வெளியே’, ஏழெட்டு மணி நேரம், மே சோட் பக்கம். நாளை மறுநாள் காலை கார் வரும். உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஏற்கெனவே அங்கே இருக்கிறான், ‘நல்லா இருக்கேன், வா’ என்கிறான். அங்கே நம் சாப்பாடு கிடைக்குமா, சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

சாப்பாட்டுக் கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தக் காரில் ஏறாதீர்கள்.

போனில் வரைபடத்தைத் திறந்து மே சோட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாங்காக்கிலிருந்து வடமேற்கே சுமார் 500 கிலோமீட்டர். ஊருக்கு மேற்கே மோய் ஆறு, அதற்கு அந்தப் பக்கம் மியான்மரின் மியாவடி. கோடையில் பல இடங்களில் நடந்தே கடக்கக்கூடிய சின்ன ஆறுதான். அக்கரையில், கரையை ஒட்டியே, உயர்ந்த மதிலும் முள்கம்பியும் கட்டடக் கூட்டங்களுமாக இருப்பவைதான் மோசடிக் காம்பவுண்டுகள். கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ என்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். அங்கே நடப்பது ஆன்லைன் மோசடி. பொய்ப் பெயரில் பெண் படத்தை வைத்து அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இருப்பவர்களோடு மாதக்கணக்கில் பேசி, நம்ப வைத்து, போலி கிரிப்டோ ஆப்பில் பணம் போட வைப்பது. சீனக் கும்பல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது’. உட்கார்ந்து டைப் செய்ய ஆள் வேண்டும், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு டைப்பிங் டெஸ்ட் வைத்தார்கள்.

இது வதந்தி இல்லை. 2022 செப்டம்பரிலேயே இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்துவிட்டது. ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’ என்ற பெயரில் தாய்லாந்து வேலை, சமூக ஊடக விளம்பரம், துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜென்ட்கள் என்று உங்கள் கதையை அப்படியே எழுதியிருந்தார்கள். அடுத்த மாதமே மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இப்படிக் கட்டாய வேலையில் இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கணக்குச் சொன்னது. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானம் மே சோட்டில் வந்து இறங்கி, இரண்டு நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏற்றிச் சென்றது. படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் வாங் ஷிங் என்ற சீன நடிகர் சினிமா வேலை என்று நம்பி பாங்காக் விமான நிலையத்தில் கார் ஏறினார். நான்கு நாள் கழித்து மியாவடிப் பக்கமிருந்து மொட்டைத் தலையோடு மீட்டு வந்தார்கள்.

இந்தக் கண்ணியின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இதுவரை நீங்கள் சட்டவிரோதமாக எதுவும் செய்யவில்லை, யாரும் உங்களைக் கட்டிப்போடவும் இல்லை. சென்னையில் விமானம் ஏறினீர்கள், இங்கே டூரிஸ்ட் முத்திரை குத்தினார்கள், லாட்ஜில் ஏ.சி. அறை. எல்லாம் உங்கள் விருப்பப்படி நடந்ததாகவே இருக்கும். ஆற்றைக் கடக்கும் அந்தச் சில நிமிடத்தில் எல்லாம் மாறும். மியான்மர் விசா இல்லாமல் மியான்மரில் இருப்பீர்கள். தாய்லாந்திலிருந்து முத்திரை இல்லாமல் வெளியேறியவராக இருப்பீர்கள். அந்தக் கரையில் அதிகாரம் செய்வது ஆயுதக் குழுக்கள். தாய்லாந்து போலீஸ் அங்கே போக முடியாது. டிக்கெட் காசு, லாட்ஜ் காசு, உங்களைக் கொண்டுவந்து விட்டதற்கு ஏஜென்ட் வாங்கிய தலைக்காசு, எல்லாம் அன்றே உங்கள் கடனாக மாறும். வெளியே வர வேண்டுமானால் சில ஆயிரம் டாலர் கட்டு என்பார்கள். கட்டியும் விடாமல் வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டதாக மீண்டு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டார்கெட் முடிக்காவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி, சாப்பாடு நிறுத்தம்.

அந்த ஊர்ப் பையன் விஷயம். அவனைத் திட்டாதீர்கள். உள்ளே இருப்பவர்களிடம் ‘ஆள் கொண்டு வா, உன் கடனில் கழிக்கிறோம்’ என்பது வழக்கம். பக்கத்தில் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்க அவன் டைப் செய்திருக்கலாம். வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். ‘ஆபீஸில் கேமரா கூடாது’ என்றால், ஷிஃப்ட் முடிந்து வெளியே டீக்கடைக்குப் போய்ப் பேசு என்று சொல்லுங்கள். கேட்டைத் தாண்டி ஒரு தெருவில் நின்று பேச முடிகிறதா என்பதுதான் சோதனை. இருக்கும் இடத்தின் லொகேஷன் கேளுங்கள். புள்ளி ஆற்றுக்கு மேற்கே விழுந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘உன்னை அடைத்து வைத்திருக்கிறார்களா?’ என்று எழுத்தில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவனுடைய போனை அவர்கள் பார்ப்பார்கள், அடி விழுவது அவனுக்கு.

ஒரு நியாயமான வேலை இங்கே எப்படி வரும் என்று தெரிந்தால் வித்தியாசம் உங்களுக்கே புலப்படும். தாய்லாந்துக் கம்பெனி முதலில் இங்குள்ள தொழிலாளர் துறையில் உங்களுக்காக விண்ணப்பிக்கும். பொது விதிப்படி ஒரு வெளிநாட்டுக்காரருக்கு 20 லட்சம் பாட் செலுத்திய மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் காட்ட வேண்டும். பிறகு நீங்கள் ஊரில் இருந்தபடியே இ-விசா தளத்தில் வேலைக்கான நான்-இமிக்ரன்ட் ‘பி’ விசா வாங்கிக்கொண்டு வர வேண்டும். இங்கே வந்து வொர்க் பெர்மிட். அதில் வேலையின் பெயரும் முதலாளியின் பெயரும் இருக்கும். உங்களிடம் இருப்பது டூரிஸ்டாக வந்தவருக்குப் போடும் முத்திரை. அதை வைத்து இப்படி வேலைக்குச் சேர முடியாது. ‘முதலில் வா, விசாவை இங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொல்லியிருப்பான். வந்து இறங்கும் முன் நிரப்பும் டிஜிட்டல் அட்டையை அவனே நிரப்பிக் கொடுத்து, அதில் பயண நோக்கம் ‘விடுமுறை’ என்று போட்டிருந்தானா? அது போதும், அவன் யார் என்று தெரிய. பெர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடுகடத்தலும் உங்களுக்குத்தான்.

இன்னும் மனசு கேட்கவில்லையென்றால் இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். கம்பெனியின் 13 இலக்கப் பதிவு எண்ணை ஏஜென்டிடம் கேளுங்கள். தாய்லாந்து வணிக அமைச்சகத்தின் கம்பெனிப் பதிவுத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் முகவரி, மூலதனம், இயக்குநர் பெயர் எல்லாம் இலவசமாக வரும். உண்மையான கம்பெனியின் ஹெச்.ஆர். அந்த எண்ணை ஐந்து நிமிடத்தில் அனுப்புவார். உங்கள் ஏஜென்ட் கோபப்படுவான், இல்லாவிட்டால் ‘ஆபீஸ் போனதும் தருவார்கள்’ என்பான். அதே போல வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவனுடைய ஏஜென்சி பெயரைத் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதுவும் ரசீதோடு. இதைவிட அதிகமாக ஜி-பேயில் தனி ஆளுக்கு அனுப்பியிருந்தால் நீங்கள் ஏமாந்தது அங்கேயே தொடங்கிவிட்டது.

இனி செய்ய வேண்டியது. பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். ‘விசா வேலைக்கு’ என்று கேட்டால் போட்டோ அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். ஏஜென்டோடு சண்டை போடும் முன், அவனை பிளாக் செய்யும் முன், ஆதாரங்களை எடுத்து வையுங்கள். டெலிகிராமில் அவன் நினைத்தால் உங்கள் போனில் இருக்கும் செய்தியையும் அழித்துவிடலாம், அதனால் ஸ்கிரீன்ஷாட் இப்போதே. ஆஃபர் லெட்டர், பணம் அனுப்பிய யு.பி.ஐ. எண், அவன் பேசிய நம்பர்கள் எல்லாவற்றையும் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆர். போட்டுப் பாருங்கள். இமிக்ரேஷனில் காட்டுவதற்கென்றே போட்டு, நீங்கள் இறங்கியதும் ரத்து செய்திருப்பார்கள்.

கார் வரும் நாள் வரை காத்திருக்காமல் நாளைக் காலையே லாட்ஜை மாற்றுங்கள். புது இடத்தை அந்த ஊர்ப் பையனுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். பிறகு நேராக இந்தியத் தூதரகம். சுகும்வித் சோய் 23, அசோக் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம். நடந்ததை எழுதிக் கொடுத்துப் புகாராகப் பதியச் சொல்லுங்கள். ஊர் திரும்பக் காசில்லாவிட்டால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதற்கென்றே தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. தமிழில் பேச வேண்டுமென்றால் அயலகத் தமிழர் நலத்துறையின் எண் 91 80 6900 9900. ஊரிலிருந்து அப்பா அழைப்பதானால் 1800 309 3793, கட்டணமில்லை. இலங்கையிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989-ஐ வீட்டார் மூலம் அழைக்கலாம். யாருமே தெரியாது என்று தவிப்பாக இருந்தால் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். டாக்ஸிக்காரரிடம் ‘வாட் கேக்’ என்றால் தெரியும். அங்கே நம் பேச்சுக் காதில் விழும்.

ஏஜென்ட் மிரட்டுவான். பிளாக்லிஸ்ட் செய்துவிடுவேன், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், ஒரு லட்சம் கட்டு என்பான். தாய்லாந்து இமிக்ரேஷன் அவன் பேச்சைக் கேட்டு யாரையும் பட்டியலில் சேர்க்காது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டி உங்களை ஒரு மணி நேரம்கூடப் பிடித்து வைக்க அவனுக்கு உரிமை இல்லை. அறை வாசலுக்கு ஆள் வந்தால் 191, டூரிஸ்ட் போலீஸ் 1155. டூரிஸ்ட் போலீஸில் ஆங்கிலம் பேசுவார்கள். ஆள்கடத்தல் புகாரையும் ஏற்கும் சமூக உதவி எண் 1300.

இதை யாராவது காரில் உட்கார்ந்துகொண்டு படிக்கலாம். அவர்களுக்கு: சாலைப் பலகைகளைப் பாருங்கள், தாய்லாந்து எழுத்துக்குக் கீழே ஆங்கிலத்திலும் இருக்கும். நக்கோன் சவான், கம்பெங் பெட், தாக். தாக்கில் மேற்கே திரும்பினால் மலைப்பாதை, மே சோட்டுக்கு இன்னும் 90 கிலோமீட்டருக்குள்தான். பெட்ரோல் பங்கில் நிறுத்தும்போது பாஸ்போர்ட்டோடு இறங்கி உள்ளே செவன்-இலெவனுக்குப் போய் கவுன்டரில் நில்லுங்கள். ‘சுவய் துவய்’ என்றால் காப்பாற்றுங்கள், ‘தம்ருவாட்’ என்றால் போலீஸ். மலைப்பாதையில் சோதனைச் சாவடிகள் உண்டு. அங்கே கார் கண்ணாடியை இறக்கி, எனக்கு இவர்களோடு போக விருப்பமில்லை என்று சொல்லுங்கள். டிரைவர் எழுதிக்கொடுத்த பதிலைச் சொல்லாதீர்கள். சாவடிக்கு முன்னால் வண்டி மாற்றுவதும், கிளைப்பாதையில் இறக்கி நடக்க வைப்பதும் அவர்கள் வழக்கம். இரண்டாவது வண்டி வந்து நின்றால் அதுதான் கடைசி வாய்ப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

‘நானே விரும்பித்தானே வந்தேன், புகாரை ஏற்பார்களா?’ என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். ஏற்பார்கள். 2000-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறையில் ஆள்கடத்தலுக்கு மூன்று பகுதி உண்டு: ஆளைச் சேர்ப்பது அல்லது கொண்டுபோவது, அதற்கு வஞ்சனையோ மிரட்டலோ பயன்படுத்துவது, சுரண்டும் நோக்கம். வஞ்சனை இருந்தால் நீங்கள் சம்மதித்தது கணக்கில் வராது. இந்தியாவும் தாய்லாந்தும் இதில் கட்டுப்பட்ட நாடுகள். இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில் ஒருவரைக் கடத்தினாலே குறைந்தது ஏழு ஆண்டு, ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றால் குறைந்தது பத்து ஆண்டு. ஊரில் அந்த ஏஜென்ட் மீது எஃப்.ஐ.ஆர். போட இதுவே போதும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும், சென்னையிலுள்ள புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

உள்ளே போய் மீண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாய்லாந்தின் 2008 ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 41-வது பிரிவு, பாதிக்கப்பட்டவர் என்று அடையாளம் காணப்பட்டவர் மீது சட்டவிரோத நுழைவு, அனுமதியின்றித் தங்கியது, பெர்மிட் இல்லாமல் வேலை செய்தது போன்ற வழக்குகளைப் பொதுவாகத் தொடரவிடாது. ஆனால் அந்த அடையாளம் காணும் விசாரணையில் என்ன சொல்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று ‘எல்லாம் என் விருப்பம், யாரும் அடிக்கவில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு அது சாதாரண இமிக்ரேஷன் குற்றமாகப் பதிவாகிறது, சேர்த்துவிட்டவன் தப்பிக்கிறான். யார் அழைத்தது, பாஸ்போர்ட்டை எங்கே பறித்தார்கள், ஆற்றை எப்படிக் கடந்தீர்கள், எவ்வளவு கடன் எழுதினார்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். உடம்பில் காயம் இருந்தால் காட்டுங்கள்.

அரசுகள் சும்மா இருக்கின்றன என்றும் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் மின்சாரத்தையும் இணையத்தையும் எரிபொருளையும் நிறுத்தியது. அதையடுத்து ஏழாயிரம் பேருக்கு மேல் வெளியே விடப்பட்டார்கள். கும்பல்கள் ஜெனரேட்டருக்கும் செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்கும் மாறின. அதே ஆண்டு அக்டோபரில் கே.கே. பார்க்கில் மியான்மர் ராணுவம் நுழைந்தது, மோசடி இடங்களின் பக்கத்தில் இருந்த 2,500-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்க் கருவிகளை அந்த நிறுவனம் முடக்கியது. நூற்றுக்கணக்கானவர்கள் ஆற்றைத் தாண்டி மே சோட்டுக்கு ஓடிவந்தார்கள், நம் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இடித்த இடத்திலிருந்து தப்பிய முதலாளிகள் வேறு இடத்தில் கடை போடுகிறார்கள், அங்கே உட்கார வைக்கப் புது ஆள் தேடுகிறார்கள். உங்களுக்கு வந்த ஆஃபரும் அந்தத் தேடல்தான்.

பாஸ்போர்ட் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா, ஏஜென்டிடமா? அதை மட்டும் முதலில் பதில் போடுங்கள். அவனிடம் இருந்தால் தூதரகத்தில் சொல்ல வேண்டிய முதல் வரியே அதுதான்.