கோமோவில் ஒரு பகல்: பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

இத்தாலியின் வட எல்லையில் உள்ள கோமோ ஏரி, கவட்டைக் குச்சியைத் தலைகீழாகப் பிடித்தாற்போன்ற வடிவம் கொண்டது. இரண்டு கால்களும் பிரியும் இடத்தில் பெல்லாஜியோவும், தென்மேற்குக் காலின் நுனியில் கோமோ நகரமும் இருக்கின்றன. மிலானுக்கு வருகிறவர்களில் பலர் கோமோவில் ரயிலை விட்டு இறங்கி, நேரே படகுத்துறைக்கு ஓடி, நகரைப் பார்க்காமலேயே ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உடைய நகரத்தைப் படகுத்துறையாக மட்டும் எண்ணுவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. கீழுள்ள பதில்களிலும் அது வெளிப்படும்.

மிலானில் தங்கியிருக்கிறோம். கோமோவுக்கு ரயில் ஏற ஆளுக்கொரு நிலையத்தைச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டு வழிகளும் சரியானவையே. மிலான் சென்ட்ராலே நிலையத்திலிருந்து புறப்படும் விரைவு ரயில்கள் ஏறத்தாழ 40 நிமிடங்களில் கோமோ சான் ஜொவான்னி நிலையத்தை அடைகின்றன. அங்கிருந்து படிக்கட்டு வழியாக இறங்கி, பேராலயத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் நடக்க வேண்டும். காதோர்னா நிலையத்திலிருந்து செல்லும் வட்டார ரயிலுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றாலும், அது உங்களை ஏரிக்கரையிலேயே, கோமோ லாகோ நிலையத்தில் இறக்கிவிடுகிறது. முதல்முறை செல்பவர்களுக்கு நான் காதோர்னாவைத்தான் பரிந்துரைப்பேன். பெட்டியை விட்டு இறங்கியதும் தண்ணீரும் எதிரே மலையும் கண்ணில் படுவது, கூடுதலாகச் செலவான இருபது நிமிடங்களுக்கு ஈடுசெய்துவிடும்.

காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கம் உள்ள சிறு இயந்திரத்தில் அதை நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத சீட்டுக்கு அபராதம் விதிப்பார்கள். சென்ட்ராலேயிலிருந்து செல்லும் ரயில்கள் பல சுவிட்சர்லாந்துக்குப் போகிறவை. கோமோவில் இறங்கத் தவறினால் அடுத்துள்ள கியாசோ சுவிஸ் மண்ணில் இருக்கிறது, அங்கே சோதனையும் நடப்பதுண்டு. ஆகவே கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

ஒரே நாளில் கோமோ, பெல்லாஜியோ இரண்டையும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்க்க முடியும். கோமோவிலிருந்து ஊர் ஊராக நின்று செல்லும் சாதாரணப் படகு பெல்லாஜியோவை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுக்கும். விரைவுப் படகுக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், கட்டணமும் அதிகம். கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை மாலையில் திரும்பும் படகுக்கு வரிசை நீண்டுவிட்டால், நாளின் பாதி காத்திருப்பிலேயே கழிந்துவிடும்.

பெல்லாஜியோவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்று இன்னொரு நாளை ஒதுக்கி, கோமோ வழியாகப் போகாமல், மிலான் சென்ட்ராலேயிலிருந்து ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள வரேன்னாவுக்கு ஒரு மணி நேரச் சொச்சத்தில் ரயிலில் சென்று, அங்கிருந்து கால் மணி நேரத்தில் படகில் கடந்துவிடலாம். கோமோவுக்கு ஒதுக்கிய நாளில் படகு ஆசையைத் தீர்த்துக்கொள்ள, பக்கத்திலுள்ள சர்னோபியோ வரை போய் வருவதே போதும்.

பேராலயத்தின் முகப்பில் துறவிகளோ புனிதர்களோ அல்லாத இருவர் அமர்ந்திருப்பதாகப் படித்தேன். அவர்கள் யார்? அங்கே எதை முதலில் பார்ப்பது?

இந்தக் கேள்விக்காகவே இப்பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் மிகையாகாது. தலைவாயிலின் இருபுறமும் மாடங்களில் அமர்ந்திருப்பவர்கள் மூத்த பிளினியும், அவருடைய தங்கை அல்லது அக்காள் மகனான இளைய பிளினியும். இருவரும் கோமோவில் பிறந்த ரோமானியர்கள். இருவருமே கிறிஸ்தவர்கள் அல்லர். அதிலும் இளைய பிளினி, இன்றைய துருக்கியிலிருந்த பித்தினியா மாகாணத்தை ஆண்டபோது கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்ததைப் பேரரசர் டிராஜனுக்குத் தாமே கடிதமாக எழுதியவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு பேராலயத்தின் வாசலில் இடம் கொடுத்தார்கள் என்றால், பதினைந்தாம் நூற்றாண்டு கோமோ மக்களுக்குத் தங்கள் ஊர் அறிஞர்கள் மீதிருந்த பெருமை எவ்வளவு ஆழமானது என்று எண்ணிப் பாருங்கள்.

மூத்த பிளினியின் முன் தமிழர்கள் சற்று நேரம் நிற்க வேண்டும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கடற்படையுடன் உதவிக்குச் சென்று உயிரிழந்த இவர்தான், தம்முடைய இயற்கை வரலாற்று நூலில் முசிறித் துறைமுகத்தைப் பற்றியும், கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் உள்நாட்டிலுள்ள ‘மொதுரா’ என்ற நகரிலிருந்து ஆளும் ‘பாண்டியோன்’ என்ற அரசனைப் பற்றியும் எழுதிவைத்தவர். மதுரையும் பாண்டியனும்தான் அவை. ரோமானியச் செல்வத்தில் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை இந்தியா இழுத்துக்கொள்கிறது என்று கவலைப்பட்டவரும் அவரே. மிளகுக்கு அப்படி என்ன இருக்கிறது, காரத்தைத் தவிர என்று வியந்தவரும் அவரே. நான் முதல்முறை அந்த வாசலில் நின்றபோது, நம் துறைமுகத்தின் பெயரை எழுதிய கையைக் கல்லில் பார்க்கிறோம் என்ற எண்ணத்தில் உள்ளே போகவே மனம் வரவில்லை.

பேராலயத்தின் கட்டுமானம் 1396இல் தொடங்கியது. ஃபிலிப்போ யுவார்ரா வடிவமைத்த குவிமாடம் எழுந்து பணி நிறைவடைந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். அதனால் கோத்திக் பாணியும் மறுமலர்ச்சிப் பாணியும் ஒரே சுவரில் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். பேராலயத்தை ஒட்டி, வெள்ளை, சாம்பல், சிவப்புக் கற்கள் பட்டை பட்டையாக அடுக்கப்பட்ட கட்டடம் ‘புரோலெத்தோ’, 1215இல் எழுந்த பழைய நகர மன்றம். பேராலயத்தை விரிவாக்குவதற்காக அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். குழந்தைகளுடன் சென்றால், வடக்குப் பக்கத்து வாயிலின் செதுக்கு வேலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் சிறு தவளையைத் தேடச் சொல்லுங்கள். அந்த வாயிலுக்கே தவளை வாயில் என்றுதான் பெயர். தோளையும் முழங்காலையும் மூடிய உடை அணிந்து செல்வது முறை.

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால், மதிலுக்கு வெளியே உள்ள சாந்த் அபோந்தியோ ஆலயத்துக்கு நடந்து செல்லுங்கள். 1095இல் போப் இரண்டாம் அர்பன் அதைத் திருநிலைப்படுத்தினார். இரட்டை மணிக்கூண்டுகளும், பலிபீடத்துக்குப் பின்னுள்ள பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியங்களும், பெரும்பாலும் ஆளரவமற்ற அமைதியும் அங்கே காத்திருக்கின்றன. பேராலயத்தை விட இதுவே என் மனத்துக்கு நெருக்கமானது.

எழுபது வயதைக் கடந்த பெற்றோருடன் வருகிறேன். அவர்களால் அதிகம் நடக்க முடியாது. புருனாத்தே மலைக்கு அழைத்துச் செல்லலாமா?

தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். பழனியில் நாம் ‘விஞ்ச்’ என்கிறோமே, அதே வகை ரயில்தான் புருனாத்தேக்கு ஏறுகிறது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் பெட்டிகள் பிணைக்கப்பட்டு, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும். 1894இல் நீராவியால் இயங்கத் தொடங்கிய இந்தத் தடம், ஏழு நிமிடங்களில் உங்களை 700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இறக்கிவிடுகிறது. நிலையமும் பெட்டியும் சரிவுக்கேற்பப் படிப்படியாக அமைந்திருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களை நெரிசலில்லாத காலை வேளையில் அழைத்துச் சென்று, ஏறும்போது கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் கீழே உள்ள செம்மண் ஓட்டுக் கூரைகளைக் கவனியுங்கள். மதிலுக்குள்ளான பழைய நகரம் இன்றும் சதுரம் சதுரமான கட்டங்களாகத் தெரியும், அது கி.மு. 59இல் ஜூலியஸ் சீசர் இங்கே குடியேற்றம் அமைத்த காலத்து ரோமானியத் தெரு அமைப்பின் எச்சம். புருனாத்தேயிலிருந்து இன்னும் மேலே உள்ள வோல்ட்டா கலங்கரை விளக்கத்துக்குச் செல்லும் பாதை செங்குத்தானது, கலங்கரை விளக்கத்துக்குள் 143 படிகள் வேறு. பெற்றோரை அங்கே கூட்டிச் செல்ல வேண்டாம். பழைய நகரத் தெருக்கள் சமதளமானவை, பெரும்பாலும் வாகனங்கள் இல்லாதவை என்பதால் அவர்கள் நிதானமாக நடக்கலாம்.

என் மகள் இயற்பியல் படிக்கிறாள். வோல்ட்டா நினைவில்லம் அவளுக்குப் பயன்படுமா?

நிச்சயம் பயன்படும், முன்கூட்டியே ஒரு செய்தியை அவளிடம் சொல்லிவிடுங்கள். 1745இல் கோமோவில் பிறந்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா, துத்தநாகத் தகடும் வெள்ளி அல்லது செம்புத் தகடும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, தொடர்ந்து மின்னோட்டம் தரும் முதல் மின்கலத்தை உருவாக்கி, 1800இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் மூலம் அறிவித்தார். அந்த மேதையின் கருவிகளில் பல, அவரைச் சிறப்பிக்க 1899இல் இதே ஊரில் நடந்த கண்காட்சியில் மூண்ட தீயில் அழிந்தன. ஆகவே ஏரிக்கரையில் கோவில் போன்ற தோற்றத்தில் நிற்கும் நினைவில்லத்தில், தீயிலிருந்து தப்பியவற்றோடு, மாதிரி பார்த்து மறுபடி செய்யப்பட்டவையும் இருக்கின்றன. எது மூலம், எது மறுஆக்கம் என்று விளக்கப் பலகையைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் மூடியிருப்பது இங்கே வழக்கம்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். சோள மாவுக் களியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பூண்டும் சேர்த்த ‘பொலெந்தா உஞ்சா’, பக்வீட் மாவோடு சிறிது கோதுமை மாவும் சேர்த்துச் செய்த பட்டையான பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கலந்த ‘பிட்சோக்கெரி’ ஆகிய இரண்டும் மலைநாட்டு உணவுகள், வயிறு நிறையும். ரிசொத்தோ என்ற சோற்றைப் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள் என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கண்டிப்பான சைவர்கள், இத்தாலியின் கெட்டிப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதையும் அறிந்திருக்க வேண்டும்.

மீன் உண்பவர்களுக்கு ஒரு பரிந்துரை: ‘மிசொல்தினோ’. ஏரியில் பிடித்த மீனை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலைகளோடு அடுக்கி, எண்ணெய் கசியும்வரை அழுத்திவைக்கிறார்கள். சுட்டு, சிறிது காடி தெளித்து, பொலெந்தாவோடு வைக்கும்போது வரும் வாசனை கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவர்களை நாற்காலியில் நிமிர வைக்கும். மதியம் இரண்டரை மணி வாக்கில் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ‘கொப்பெர்தோ’ என்று ரசீதில் தலைக்குச் சில யூரோ வருவது இருக்கைக் கட்டணம், தவறு அல்ல.

கோமோ பட்டு வாங்குவதில் எதைக் கவனிப்பது?

பட்டுப்புழு வளர்ப்பு இந்தப் பகுதியில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. கச்சாப் பட்டு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. நெய்தல், சாயமிடுதல், அச்சிடுதல் ஆகியவற்றில்தான் கோமோவின் திறமை இருக்கிறது. அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சட்டகம் வேண்டும் என்பதை நகரின் பட்டு அருங்காட்சியகத்தில் நேரில் காணலாம். அதைப் பார்த்த பிறகு கடைக்குச் சென்றால் விலைக்குக் காரணம் புரியும். லேபிளில் 100% ‘சேத்தா’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தைக் கைவிரலால் தடவிப் பாருங்கள்: கையால் உருட்டித் தைத்த ஓரம் உருண்டையாக, தையல் இடைவெளி சிறிது முன்பின்னாக இருக்கும், தட்டையாக, அளவெடுத்தாற்போல் ஓடும் தையல் இயந்திரத்துடையது.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர். வார நாளாக இருக்கட்டும். குளிர்காலத்தில் படகுகள் குறைந்துவிடும்.

திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் மீதமிருந்தால்?

ஏரிக்குள் நீளும் அலைதடுப்புச் சுவரின் மேல் கடைசிவரை நடந்து செல்லுங்கள். அதன் முனையில் வோல்ட்டாவுக்குக் காணிக்கையாக 2015இல் நிறுவப்பட்ட, டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த உலோகச் சிற்பம் இருக்கிறது. காலையில் வடக்கிலிருந்து வீசும் ‘திவானோ’ காற்று அடங்கி, பிற்பகலில் தெற்கிலிருந்து ‘பிரேவா’ எழும். அங்கே நின்று நகரத்தைத் திரும்பிப் பார்த்தால், பேராலயத்தின் பச்சைக் குவிமாடம் கூரைகளுக்கு மேல் தெரியும். கோமோ லாகோ நிலையம் அங்கிருந்து எட்டும் தூரத்தில்தான் உள்ளது. திரும்பி நடக்க இருபது நிமிடங்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.