36 சென்ட்டும் ஒரு சாவிக்கொத்தும்

கேள்வி: எனக்கு வயது 58. கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இளைய மகள் வாங்கித் தந்த அமெரிக்கப் பாடகி டினா டர்னரின் தன்வரலாற்றை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதங்களில் படித்து முடித்தேன். அவர் பட்ட அடிகளில் பாதியையாவது நானும் பட்டிருப்பேன். படித்த கையோடு என் கதையையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கி 60 பக்கங்கள் ஆகிவிட்டன. மூத்தவள் அதைப் பார்த்துவிட்டு, “செத்துப்போன மனுஷனை எதுக்கும்மா சந்திக்கு இழுக்கிறே? அவ்வளவு கஷ்டம்னா அப்பவே விட்டுட்டு வந்திருக்கலாமே” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாடகியே 16 வருடம் ஏன் பொறுத்துக்கொண்டார் என்பதும் புரியவில்லை. நான் எழுதுவது தவறா? என் கணவர் போன மறுநாள் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்படி வாழ்ந்தவள் நான்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூத்த மகள் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அவற்றில் ‘அப்பவே ஏன் வரவில்லை’ என்பதற்கு நீங்கள் படித்த புத்தகத்திலேயே விடை இருக்கிறது. ஆனால் அது ஒரே இடத்தில் எழுதி வைக்கப்படவில்லை. பல பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது.

டென்னசி மாநிலத்தில் நட்புஷ் என்ற சிற்றூரில் வளர்ந்த அன்னா மே புல்லக் என்ற பெண்தான் பின்னாளில் டினா டர்னர் ஆனார். பருத்திக் காட்டில் வேலை செய்த குழந்தை அவர். ஏறக்குறைய 11 வயதில் தாய் வீட்டை விட்டுப் போனார். பிறகு தந்தையும் போனார். பாட்டி வீடுதான் மிஞ்சியது. தன்னை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த பெண்ணுக்கு, தானும் ஒருவரை விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய துரோகமாகத் தோன்றியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். புகழ் வந்ததும் பாடகர்கள் தன்னைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்று, இசைக்குழுத் தலைவரும் பின்னாளில் அவருடைய கணவருமான ஐக் டர்னர் குறைபட்டுக்கொண்டபோது, தான் அப்படிப் போகமாட்டேன் என்று டினா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்குத்தான் முதல் பூட்டு.

அடுத்த பூட்டு பெயர். 1960இல் முதல் வெற்றிப் பாடல் வெளியானபோது ‘டினா டர்னர்’ என்ற பெயரை ஐக் அவரைக் கேட்காமலேயே சூட்டினார். அந்தப் பெண் போய்விட்டால் வேறொருத்தியை அதே பெயரில் மேடை ஏற்றலாம் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. இந்த ஏற்பாட்டில் தனக்கு விருப்பமில்லை என்று சொன்னபோதுதான் முதல் அடி விழுந்தது. காலணியின் வடிவம் கெடாமல் இருக்க உள்ளே செருகி வைக்கும் மரக்கட்டையால் தலையில் அடித்தார். அப்போது அவர் கர்ப்பிணி. மேடையில் ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டிய காலத்திலும் அவர் கையில் சொந்தப் பணம் என்று எதுவும் இல்லை. வளர்க்கவோ நான்கு பிள்ளைகள். 1968இல் தூக்க மாத்திரைகளை விழுங்கி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதையும் அவர் மறைக்கவில்லை. பணம், பிள்ளைகள், வாக்கு, பயம், பெயர் என்று இத்தனை பூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும்போது, கதவு திறந்துதானே இருந்தது என்று வெளியே நிற்பவர் கேட்பது எளிது. உங்கள் மகள் கேட்டதில் குரூரம் இல்லை. அந்த வீட்டுக்குள்ளேயே வளர்ந்தும் பூட்டுகள் அவர் கண்ணில் படவில்லை. படாமல் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

(இதைப் படிக்கும் வேறொரு சகோதரி இன்றைக்கும் அப்படியொரு வீட்டுக்குள் இருந்தால், 16 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.)

இனி எழுதுவதைப் பற்றிப் பேசுவோம். 1976 ஜூலையில் டல்லஸ் நகரில், விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் வழியில் காரிலேயே சண்டை மூண்டது. அன்றைக்கு முதல்முறையாக டினா திருப்பி அடித்தார். விடுதி அறையில் ஐக் அயர்ந்து தூங்கியதும், வீங்கிய முகத்தோடும் இரத்தக் கறை படிந்த வெள்ளை உடையோடும் பின்வழியாக இறங்கி, லாரிகள் பறந்துகொண்டிருந்த நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புற விடுதியில் போய் அறை கேட்டார். அவரிடம் இருந்தவை 36 சென்ட் சில்லறையும் பெட்ரோல் போடுவதற்கான ஒரு கடன் அட்டையும்தான். புத்தகம் முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அந்த 36 சென்ட்தான். ‘வெறுங்கையோடு வந்தேன்’ என்று எழுதியிருந்தால் நாம் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்போம். 36 என்று சொல்லும்போது, முன்பின் தெரியாத ஒரு வரவேற்பு மேசைக்கு முன்னால் ஒரு பெண் சில்லறையை எண்ணிப் பார்க்கும் ஓசை நமக்குக் கேட்கிறது.

1978இல் மணமுறிவு முடிந்தபோது, சொத்து, பாடல்களின் வருமானம் என்று பெரும்பாலானவற்றை விட்டுக்கொடுத்துவிட்டு, தன்னைக் கட்டிப்போடுவதற்காகச் சூட்டப்பட்ட அந்தப் பெயரைத்தான் அவர் கேட்டு வாங்கினார். கூடவே, நின்றுபோன நிகழ்ச்சிகளுக்கான கடன்களும் அவர் தலையில் விழுந்தன. அரசு தரும் உணவுச் சீட்டில் பிழைத்தார். தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சிகளில் தலைகாட்டினார். 44 வயதில், 1984இல், மீண்டும் உச்சிக்குப் போன கதை அதற்குப் பிறகு வருகிறது. உள்ளபடி சொன்னால் அந்த வெற்றிப் பக்கங்களை நான் சற்று வேகமாகவே தாண்டினேன். இப்படிப்பட்ட புத்தகங்களில் வெற்றி வந்ததும் மொழி மெலிந்துவிடுகிறது.

அந்தப் புத்தகம் வெளியானது 1986இல். டல்லஸ் இரவுக்கும் அதற்கும் இடையில் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. வீட்டை விட்டு வெளியேறியது ஒரு வேலை. அதைச் சொன்னது வேறொரு வேலை. முதலாவது முடிந்து, ஆறி, அதைப் பற்றிக் குரல் நடுங்காமல் பேச முடிந்த பிறகே இரண்டாவதற்கு அவர் வந்தார். 1981இல் ஒரு வார இதழுக்கு முதன்முதலாக வெளிப்படையாகப் பேசினார். ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பினார். ஆனால் பேட்டிக்குப் பின் புத்தகம், புத்தகத்துக்குப் பின் 1993இல் திரைப்படம் என்று கேள்வி வளர்ந்துகொண்டே போனது. எங்கே போனாலும் ஐக்கைப் பற்றியே கேட்டார்கள். எழுதி முடித்ததும் மனப் பாரம் இறங்கிவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அதை முழுதாக நம்பாதீர்கள். அச்சில் வந்துவிட்டால் பாரத்தைப் பத்துப் பேர் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கே திரும்பி வருவார்கள்.

அப்படியானால் எழுத வேண்டாம் என்கிறேனா? இல்லை. நட்புஷில் டினா சிறு வயதில் பாடியது பாப்டிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவில். அவர் பின்னாளில் பாடிய, சோல் எனப்படும் கறுப்பின அமெரிக்க இசையின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அந்தக் கறுப்பினத் தேவாலயங்களில், பட்ட பாட்டையும் கடந்து வந்த வழியையும் சபை நடுவே எழுந்து நின்று சொல்வது வழக்கம். நம் ஊர் கிறிஸ்தவர்கள் அதைத்தான் ‘சாட்சி சொல்வது’ என்கிறார்கள். சாட்சி சொல்பவர் நீதிபதி இல்லை. கண்டதையும் பட்டதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். உங்கள் நோட்டு சாட்சியாக இருக்கும்வரை அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் உங்கள் நிலை அவருடையதைவிடக் கடினமானது. இதழாளர் கர்ட் லோடரின் துணையோடு எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில் டினாவின் குரல் மட்டும் இல்லை. தாய், உறவினர், உடன் பாடியவர்கள் என்று பலர் பேசுகிறார்கள். ஐக் டர்னரும் பேசுகிறார். அவர் பிற்பாடு 1999இல் தன் தரப்பைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். உங்கள் கணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவர் சொல்லியிருக்கக்கூடியதையும் நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும். அவரை நல்லவராகக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1951இலேயே ராக் இசைக்கு வழி திறந்த ஒரு பாடலை ஐக்கின் குழு பதிவு செய்தது. அந்தத் திறமையை டினாவும் மறுக்கவில்லை, அதனால் அடியின் வலி குறைந்துவிடவும் இல்லை. உங்கள் மூத்த மகளுக்கு அவர் எப்படிப்பட்ட அப்பாவாக இருந்தார் என்பது அந்த 60 பக்கங்களில் எங்காவது வருகிறதா? வராவிட்டால் மகளின் கோபம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அது குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டது என்றால் அவதூறாகக் கொள்ள நம் குற்றவியல் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் மகள் நீதிமன்றத்துக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை; ஆனாலும் அச்சிடும் எண்ணம் வந்தால் ஒரு வழக்கறிஞரிடம் நோட்டைக் காட்டிவிடுங்கள். அதற்கு இப்போது அவசரமில்லை. எழுதுவதை மட்டும் தொடருங்கள், நோட்டை உங்கள் பீரோவிலேயே வையுங்கள். முடிந்த பிறகு, மூத்தவர் தாமாகக் கேட்டால், அவரை எதிரில் உட்காரவைத்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். தனியாகப் படிக்கச் சொல்லிக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், சாவிக்கொத்தைப் பற்றி இரண்டு வரிகள் எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட அந்த இரண்டு வரிகள்தான் என்னை உலுக்கின. அந்தக் கொத்தில் எத்தனை சாவிகள் இருந்தன? எந்தப் பூட்டை முதலில் திறந்தீர்கள், உள்ளே என்ன இருந்தது? எந்தப் பூட்டுக்கும் பொருந்தாமல் இன்றைக்கும் ஏதாவது ஒரு சாவி கிடக்கிறதா? 61ஆம் பக்கத்தில் அதை எழுதுங்கள்.