சென்னைப் புறநகரில் வீட்டுமனைத் தரகராக விரும்பும் இளைஞர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வணிகவியல் பட்டம் முடித்துவிட்டுத் தாம்பரம் அருகே பெற்றோருடன் வசிக்கும் 22 வயதுக்காரர் என்று உங்களைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தரகுத் தொழிலுக்கு என்ன படிக்க வேண்டும், எவ்வளவு முதல் போட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே புறநகர்ப் பகுதியில் பல ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பட்டம் எதையும் சட்டம் கேட்பதில்லை. முதல் என்று பார்த்தால் ஓர் இருசக்கர வாகனமும் கைபேசியும் போதும். ஆனால் ஓராண்டுக்கு நிலையான வருமானம் இல்லாவிட்டாலும் தாங்கிக்கொள்ளும் குடும்பச் சூழல் வேண்டும். ஒரு மனைக்குப் பேச்சைத் தொடங்கி, கிரயம் பதிவாகி, கமிஷன் கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நடுவில் வங்கி கடனை மறுத்தாலோ, விற்பவரின் தங்கை கையெழுத்துப் போட மாட்டேன் என்றாலோ, அலைந்த அலைச்சலுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது. ஆகவே முதலில் வாடகை வீடுகளைப் பிடித்துக் கொடுங்கள். ஒரு மாத வாடகை கமிஷன் என்பது இங்குள்ள வழக்கம். தொகை சிறியதென்றாலும் விரைவில் வரும். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த அடுக்ககத்தில் சங்கத் தகராறு இருக்கிறது என்பதெல்லாம் அந்த அலைச்சலில்தான் தெரியவரும். சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று எல்லாப் பக்கமும் ஓடாமல், நடந்தே சுற்றிவரக்கூடிய ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வட்டாரத்தில் உங்களுக்கு முன்பே பத்துப் புரோக்கர்கள் இருப்பார்கள். தேநீர்க் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், காவலாளி என எல்லோரும் அவர்களுக்குத்தான் முதலில் தகவல் சொல்வார்கள். அறிமுகத்தில் அவர்களோடு உங்களால் போட்டியிட முடியாது. நீங்கள் முந்தக்கூடிய இடம் பத்திரம்தான். பார்ட்டியை அழைத்துப் போய் வீட்டைக் காட்டுபவர்கள் ஏராளம். காட்டுவதற்கு முன்பே பத்திரங்களைப் படித்துப் பார்ப்பவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

பயிற்சிக்கு வெளியே எங்கும் போக வேண்டாம். உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தை எடுத்து, அதிலுள்ள சர்வே எண்ணைக் கொண்டு பட்டாவையும், நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வருவாய்த்துறையின் இணையதளத்திலும், வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் கிடையாது. பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று கணக்கிடுங்கள். பழைய பத்திரம் ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசும், பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும், விற்பவர் கிரவுண்டு என்பார். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். இந்தக் கணக்கில் தடுமாறுகிறவரிடம் யாரும் ஐம்பது லட்சத்தை நம்பிப் பேச மாட்டார்கள்.

வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்பதாலேயே சொத்து சுத்தமானது என்று ஆகிவிடாது. பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யப்படாத உயிலோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையோ, வாரிசு ஒருவர் விடுபட்டதோ அதில் தெரியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கு இணையான பங்கு உண்டு. எனவே தகப்பனார் காலமான வீடு என்றால், விலையைப் பேசுவதற்கு முன் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் சம்மதிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டால் பதிவு நாளன்றுதான் அந்தச் சங்கடம் வெளியே வரும்.

நம் பகுதிக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. ஏரிப் புறம்போக்கு, கோயில் நிலம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய மனை ஆகியவற்றில் விலை மலிவாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தச் சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கீகாரமற்ற மனை என்றால், அது 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்டதா, 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தின்கீழ் வரன்முறை (அரசு பின்னர் தரும் ஒப்புதல்) செய்யப்பட்டதா என்று ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் சொல்லும் இத்தனையும் வழக்கறிஞரின் கருத்துரைக்கு மாற்று ஆகாது. ஆனால் வழக்கறிஞரிடம் போவதற்கு முன்பே பாதிச் சொத்துகளை இப்படிக் கழித்துவிடலாம்.

அடுத்தது ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் உள்ள மனையையோ அடுக்ககத்தையோ விற்றுத்தர, முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் ஐந்து விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். தனி வீட்டின் மறுவிற்பனைக்கும் வாடகைக்கும் அந்தப் பதிவு தேவைப்படாது என்பதால், முதல் சில மாதங்களிலேயே கட்டணம் கட்டிப் பதிவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. மனைப்பிரிவோ அடுக்ககமோ உருவாக்கி விற்கும் புரமோட்டர்களின் திட்டங்களைக் கையில் எடுக்கும் நாளில் பதிவில்லாமல் இறங்காதீர்கள்.

கமிஷன் விஷயத்தில் கூச்சம் பார்க்கக் கூடாது. விற்பனையில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு என்பது பொதுவான பேச்சு. எத்தனை விழுக்காடு, யார் தருவது, எப்போது தருவது, இடையில் இன்னொரு தரகர் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதைச் சொத்தைக் காட்டப் புறப்படும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, 'சரி' என்ற பதிலை வாங்கிவிடுங்கள். இரு தரப்பும் உங்களைத் தவிர்த்து நேரில் பேசி முடித்துக்கொள்வது இத்தொழிலில் அடிக்கடி நடப்பது. அப்போது கையில் இருப்பது அந்த ஒரு வரிதான்.

டோக்கன் அட்வான்ஸை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவே வேண்டாம். அது வாங்குபவரின் கணக்கிலிருந்து விற்பவரின் கணக்குக்கு நேரடியாகப் போகட்டும். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தவறு. அபராதம் விற்பவர் தலையில் விழும், அவருடைய கோபம் உங்கள்மேல் விழும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்பதையும், விலை ஐம்பது லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் ஒரு விழுக்காடு வரி பிடித்துச் செலுத்த வேண்டும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். விற்பவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ வசிப்பவரானால் இந்த ஒரு விழுக்காட்டுக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் மிக அதிகமாக இருக்கும். அந்த நிலையில் பட்டயக் கணக்காளரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க விடாதீர்கள். வணிகவியல் படித்த உங்களுக்கு இந்தப் பகுதி மற்ற தரகர்களைவிட எளிதாகவே பிடிபடும்.